ஐஸ் வண்டியில் ஒட்டிய பட்டியல்

சுரபாயா மின்பொருள் சந்தையின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு மேஜை கிடக்கிறது. கீழ்மாடிக் கடைக்காரர்கள் கைவிட்ட கைப்பேசிகள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். வினார்சி அவற்றை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, எள்ளைவிடச் சிறிய உறுப்புகளைப் பிடுங்கி, புதியதை நட்டு, உயிர்ப்பித்துத் திருப்பி அனுப்புவாள். கீழே போனதும் அதன்மேல் கடைக்காரரின் ஸ்டிக்கர் ஏறிவிடும். இருபது வருஷத்தில் அவள் பிழைக்கவைத்த கைப்பேசி ஒன்றில்கூட அவள் பெயர் இருந்ததில்லை.

அவள் பெயர் எழுதியிருந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான். சீட்டுக்கட்டு அளவே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பலகைகளை யார் அதிக வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. எல்லோருக்கும் ஒரே பரீட்சை. பை என்ற எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பின் இத்தனை கோடி இலக்கம்வரை பலகை கணக்கிட வேண்டும், முடிக்க எத்தனை விநாடி ஆனது என்று அந்தப் பலகையே திரையில் சொல்லும். ஸ்கிரீன்ஷாட்டும் போட்டோவும் அனுப்பினால் பெயர் ஏறும். இதில் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு வினார்சி பதில் சொல்வதில்லை. பந்தயப் புறா விடுகிறவனை யாராவது அப்படிக் கேட்கிறார்களா என்பது அவள் கட்சி.

மூன்று வருஷமாக அவள் நாற்பத்தொன்றாம் இடத்தில் கிடந்தாள். பலகைக்கு இவ்வளவு மின்சாரம்தான் போகலாம் என்று தடுத்துவைத்திருந்த ஒரு கடுகு அளவு உறுப்பை மாற்றிப் போட்டாள். வேகம் கூடியது, சூடும் கூடியது. சுரபாயா வெயிலில் மனுஷனே வெந்துகொண்டிருக்கும்போது பலகை என்ன செய்யும்? ஊரில் இந்தப் பலகைப் பித்துப் பிடித்தவர்கள் நடத்தும் மன்றத்துப் பையன்கள் திரவ நைட்ரஜன் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார்கள். அளவுக்கு மீறிய குளிரில் அது கண்ணையே திறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குத் தன் வீட்டு வாசலில் நின்ற வண்டி உறைத்தது. கணவர் தர்முஜி தள்ளுவண்டியில் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் விற்கிறவர். கல்லுப்பு போட்டுக் குலுக்கிய ஐஸ்கட்டிக்கு நடுவில் பாத்திரத்தைச் சுழற்றித்தான் அவர் ஐஸ்கிரீம் உறைய வைப்பார். வெறும் ஐஸைவிடப் பதினைந்து டிகிரி கீழே போகும் குளிர் அது. வினார்சி செம்புக் குழாயை அறுத்து ஒரு சின்னக் கிண்ணம் செய்து பலகையின் தலையில் உட்கார வைத்தாள். பனி வேர்த்துப் பலகை நனையாமல் இருக்கச் சுற்றிலும் வாஸலின் களிம்பு பூசினாள். பிறகு கரண்டியோடு வண்டிக்குப் போனாள்.

“ஊருக்கு விக்கிற ஐஸை அந்தத் துண்டுப் பலகைக்கு ஊத்துறியே, அது என்ன ரெண்டு கிண்ணம் வாங்கித் திங்கப்போகுதா?” என்றார் தர்முஜி.

“ஒரு கரண்டியில உங்க வியாபாரம் படுத்துடாது. உப்பை இன்னும் கொஞ்சம் போடுங்க.”

“என் பாலுக்குக்கூட நீ இவ்வளவு அக்கறையாச் சொன்னதில்ல” என்று முணுமுணுத்தபடி அவர் உப்பைப் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்யாத காரியம் கிடையாது.

அன்று திரையில் வந்த எண் 96.1 விநாடி. பட்டியலின் உச்சியில் இரண்டு வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்த பின்லாந்துக்காரனின் எண் 98.6. மறுநாள் காலை முதல் வரியில், ‘வினார்சி, சுரபாயா’.

தர்முஜி அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மேலே பிளாஸ்டிக் போட்டு, வண்டியின் முகப்பில் ஒட்டிவிட்டார். அதன்பிறகு ஐஸ்கிரீம் வாங்க வந்த ஒருவரும் அதைப் படிக்காமல் தப்பிக்க முடியவில்லை. மன்றத் தலைவன் ஹெர்லாம்பாங் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா என்று பேனர் அடிக்கக் கொடுத்தான். வினார்சி புதிதாக ஒரு முக்காடு வாங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் மூன்றே காலைத் தாண்டியதும், விழாவில் மானம் போகாமல் பலகை தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க, இணையத்தைத் துண்டித்து, நேரத்தைச் சரியாக வைத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து அதைத் தொடர்ந்து ஓடவிட்டாள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் மோதினார் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொன்னார். திரையைப் பார்த்தாள். ஐந்து இருபத்தைந்து.

“மோதினார் இன்னைக்கு அஞ்சு நிமிஷம் முந்திட்டாரே” என்றாள்.

“பசிச்சிருக்கும்” என்றார் தர்முஜி.

அவள் சிரித்தாள். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். ஐந்து முப்பது. மோதினார் சரி. பலகைதான் இரண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிஷம் பின்தங்கிவிட்டது. மற்ற நாளில் இணையம் அதன் நேரத்தை அவ்வப்போது திருத்திவிடும், அதனால் இதுவரை கண்ணில் படவில்லை.

காரணம் அவளுக்கு உடனே தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன மாதம் சூட்டுக்காற்றில் பலகையின் படிகத்தைக் கருக்கிவிட்டாள். அந்தப் படிகத்தின் துடிப்பை எண்ணித்தான் பலகை நேரத்தையே அறிகிறது. அவசரத்துக்குச் செத்த பலகை ஒன்றிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பிடுங்கி நட்டிருந்தாள், மேலே எழுத்து அழிந்திருந்தது. அது நூற்றுக்கு நான்கு துடிப்பு குறைவாகத் துடிக்கும் படிகம். உலகத்தில் நூறு விநாடி போனால் பலகை தொண்ணூற்றாறு என்று எண்ணும். அப்படியென்றால் அவளுடைய உண்மையான எண் நூறுக்கும் மேலே. முதல் இடமும் இல்லை, இரண்டாம் இடமும் இல்லை.

அவள் கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் ஹெர்லாம்பாங்கை அழைத்துச் சொன்னாள்.

“அக்கா, ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போட்டோ இருக்கு. யாரு வந்து படிகத்தப் பிடுங்கிப் பாக்கப்போறா?”

“நான் பாத்துட்டேனே தம்பி.”

“பேனர் அடிச்சாச்சுக்கா.”

“பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கும்? திருப்பிக் கட்டு.”

வாய்தான் அப்படிப் பேசியது. பட்டியலைத் திறந்து, தன் வரியை அழிக்கும் பொத்தானை அழுத்தியதும், ‘நிச்சயமாகவா?’ என்று அது கேட்டது. வினார்சி அழுதுவிட்டாள். எங்கேயும் இல்லாத பெயர் ஒரே ஓர் இடத்தில் இருந்தது, அதையும் அவளே அழிக்க வேண்டியிருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். இதை எத்தனை பேர் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்திருப்பேனா என்றும் தெரியாது.

வெளியே சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. தர்முஜி வெந்நீரும் ஒரு பழைய கத்தியுமாக வண்டி முகப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நல்ல பசையாப் பாத்து வாங்கித் தொலைச்சேன்” என்றார், அவளை நிமிர்ந்து பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் கூடியிருந்தார்கள். பேனர் திருப்பித்தான் கட்டியிருந்தது. வினார்சி புது முக்காட்டோடு எழுந்து நின்று, நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை, எப்போது தட்டுவது என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு அவள் சரியான படிகம் நட்ட பலகையை மேஜையில் வைத்தாள். மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் சாய்த்துவைக்கச் சொன்னாள். தர்முஜி வாளியும் ஐஸ் வண்டியின் வெண்கல மணியுமாக வந்தார்.

“மணி அடிச்சதும் எல்லாரும் போன்ல நேரம் பிடிங்க. பலகை என்ன சொல்லுதுன்னு நம்பாதீங்க” என்றாள்.

டுங் என்றது மணி. அவள் கிண்ணத்தில் கரண்டி கரண்டியாக உப்பு ஐஸைப் போட்டுக்கொண்டே, வேகத்தை இதுவரை தொடாத படிக்கு ஏற்றினாள். பையன் ஒருவன் தும்மினான், அவனை எல்லோரும் முறைத்தார்கள். மறுபடியும் டுங்.

திரையில் 98.9. அறுபது கைப்பேசிகளிலும் ஏறக்குறைய அதே எண். பின்லாந்துக்காரனுக்கு விநாடியில் பத்தில் மூன்று பங்கு பின்னே. இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். ஐஸ் கரைந்ததே தவிர எண் இறங்கவில்லை. ஆனால் இந்தத் தடவை எல்லோருக்கும் எப்போது கைதட்டுவது என்று தெரிந்திருந்தது.

பட்டியல் நடத்துகிறவர்கள் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இனி போட்டோவில் வெளிக்கடிகாரம் ஒன்று தெரிய வேண்டும். பின்லாந்துக்காரனும் தன் பலகையைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினான். யோக்கியமான ஆள்தான், அவன் எண் அப்படியே நின்றது. கூடவே வினார்சிக்கு ஒரு வரி எழுதினான். ஒரு கிலோ ஐஸுக்கு எவ்வளவு உப்பு? என் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் பதில் போட்டாள். அவர் இன்னும் சொல்லவில்லை, தொழில் ரகசியமாம்.

இப்போது வண்டி முகப்பில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறது. போன வாரம் சந்தை வாசலில், ஐஸ்கிரீம் வாங்க வந்த பெண்மணி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, “ரெண்டாவது இடத்தையா ஒட்டி வெச்சிருக்கீங்க? முதல்ல இருந்ததா சொன்னாங்களே?” என்றாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வினார்சி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

தர்முஜி ரொட்டிக்கு நடுவில் ஐஸ்கிரீமை வைத்தபடியே சொன்னார். “முதல்ல இருக்கிறவன் பின்லாந்துக்காரம்மா. அவன் ஜன்னலைத் தொறந்தாலே ஐஸு. என் பொண்டாட்டி இந்த வெயில்ல, இந்த வாளி ஐஸ்ல, கண்ணு சிமிட்டுற நேரந்தான் பின்னாடி. அதுவும் சரியான கடிகாரத்துல.”