கொசுறுக்கு இடமில்லாத விமானம்

இராஜபாளையத்தில் அன்சாரிடம் பேட்டரி வாங்கியவர்கள் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அவருடைய வாப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். காய் வாங்கினால் ஒரு கை கறிவேப்பிலை சும்மா வந்து விழும். மகனுக்கும் அதே கை. மின்சார ஆட்டோவுக்குப் பேட்டரி கட்டும்போது, கேட்ட கணக்குக்கு மேல் நாலு செல்லைச் சேர்த்து வைத்துவிடுவார். கொசுறு இல்லாமல் சரக்கு கைமாறினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் ஒருத்தி விமானத்துக்குப் பேட்டரி கேட்டாள்.

அவள் பெயர் நாகஜோதி. பொறியாளர், விமானமும் ஓட்டுவாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு தனியார் ஓடுதளத்தில், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் இரண்டு இருக்கை விமானத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். மேலே ஏறுவதற்குப் பேட்டரி கைகொடுக்கும். ஏறிய பிறகு எஞ்சின் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் நடுவில் படுத்துவிட்டால் திரும்பி வந்து இறங்கவும் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். பழைய பேட்டரிக்கு ஓர் ஆளைத் தூக்கத்தான் தெம்பு இருந்தது. புதிது சரியாக அமைந்தால் பக்கத்து இருக்கையில் அன்சாரையே கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் செய்தாள். பேட்டரியைப் பெரிதாக்கினால் அதைத் தூக்கவே இன்னும் கொஞ்சம் பேட்டரி வேண்டும், அதைத் தூக்க மேலும் கொஞ்சம், கடைசியில் பேட்டரி தன்னைத்தானே சுமந்துகொண்டு தரையில் கிடக்கும். அன்சார் பலமாகத் தலையாட்டினார். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய புத்தி என்று நினைத்துக்கொண்டார்.

வானத்தில் போகப்போவதைத் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவர் உடம்பு விமானத்தின் கணக்குக்குச் சற்று அதிகம். அதனால் மனுஷர் பிரியாணியை விட்டார், பரோட்டாவை விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் பால்கோவா கடைகளைப் பார்க்காமல் பஸ்ஸில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். சட்டை தொளதொளத்தது. மனைவி ஃபாயிஸா, ஆளைப் பாதியாக்குகிற விமானம் எதற்கு என்று தினமும் ஒரு பாட்டம் திட்டினாள்.

புதுப் பேட்டரியைப் பொருத்திய அன்று, சக்கரங்களுக்கு அடியில் தராசு வைத்து விமானத்தை எடை போட்டார்கள். நாகஜோதியின் முகம் சுருங்கியது.

"அண்ணே, ரெண்டு பேரு ஏற முடியாது. பாரம் கூடுதலா இருக்கு."

அன்சார் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். இருக்கை தைத்த சோலைச்சாமி பஞ்சை அமுக்கித் திணித்திருப்பான் என்றார். பெயின்ட் தடிப்பாக இருக்கிறது என்றார். நாகஜோதி பேட்டரியைக் கழற்றித் தனியாக எடை போட்டாள். பிறகு மூடியைத் திறந்தாள். சூடு தணியக் காற்றுப் போகட்டும் என்று அவள் விட்டிருந்த இடைவெளி முழுக்கச் செல்கள் உட்கார்ந்திருந்தன.

"இது என்னண்ணே?"

"எடம் சும்மா கெடந்துச்சும்மா. எம்புட்டு பெரிய காரியம், கணக்கா மட்டும் எப்படிக் குடுக்கது?"

அவர் பட்டினி கிடந்து இறக்கிய எடையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஏறியிருந்தது. நாகஜோதி சிரித்துவிட்டாள். அன்சாருக்கு அழுகையே வந்துவிட்டது. தெருவில் எப்படித் தலைகாட்டுவது?

பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். கூடுதல் செல்களைப் பிரித்தெடுத்து, மறுபடி வெல்ட் வைத்து, சொன்ன கணக்குக்குக் கட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கொசுறில்லாத சரக்கு. கொண்டுபோய்க் கொடுத்தபோது ஏதோ திருடிவிட்டவர் மாதிரி நாகஜோதியின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இந்த முறை பாரம் அளவுக்குள் வந்தது. கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதாக ஏற்பாடு. கோபுரமும் கண்மாய்த் தண்ணீரும் தூரத்து மில் கூரைகளும் கீழே போயின. அன்சார் தன் தெரு எந்தப் பக்கம் என்று எட்டி எட்டித் தேடினார். செத்த நேரத்துக்குள் ஓடுதளம் எதிரே வந்துவிட்டது. அதற்குள்ளா என்று மனசு துடித்தது.

நாகஜோதி சார்ஜ் அளவைப் பார்த்தாள். பாரம் குறைந்ததால், வைத்திருக்க வேண்டியதற்கு மேலேயே மிச்சம் இருந்தது. விமானத்தை மறுபடி கண்மாய்ப் பக்கம் திருப்பினாள்.

"ஏம்மா, எறங்கலையா?"

"இது கொசுறுண்ணே."

ஊருக்கெல்லாம் கொடுத்தே பழகிய மனுஷர், வாங்கிக்கொண்ட கொசுறை வீணாக்காமல் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துக் கண்மாயைப் பார்த்தார்.