நோட்டீசில் தூங்கிய அம்மாசி

தியாகதுருகத்தில் ஒரு ரைஸ் மில்லில் இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்கும் அம்மாசியை, காசிநாதன் ஒரே வாரத்தில் ஊரறிந்த சோம்பேறி ஆக்கிவிட்டார். காசிநாதன் மில் முதலாளியின் மைத்துனர். பேரூராட்சித் தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நிற்கிறார். எதிர்த்து நிற்பவன் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கச் செயலாளர் தமிழரசன். வார்டுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல காசிநாதனிடம் ஒன்றுமில்லை. அங்கே சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே அந்த மகானுக்குத் தெரியாது. அதனால் சங்கத்தைத் திட்டி நோட்டீஸ் அடித்தார்.

மேல் பாதியில் கும்பிட்ட கையோடு காசிநாதன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. கீழ்ப் பாதியில் நெல் மூட்டை மேல் வாயைப் பிளந்து தூங்கும் சங்க உறுப்பினர் அம்மாசி. ‘சங்கம் உழைக்கும் லட்சணம் பாரீர்! இவர்கள் ஜெயித்தால் மில்லுக்குப் பூட்டு, ஊருக்குத் திருவோடு!’ பஸ் ஸ்டாண்டில் அதையே பத்தடி பேனராகக் கட்டினார்கள். வாட்ஸப்பில் சோக இசை சேர்த்து வீடியோவாக விட்டார்கள்.

படம் பிடித்தது மில் மேனேஜர். அன்று காலையில் மூன்று லாரி நெல்லை இறக்கியாகிவிட்டது. நாலாவது லாரி உளுந்தூர்பேட்டையில் டயர் வெடித்து நின்றது. அது வரும்வரை ஆட்கள் மூட்டை மேலேயே சாய்ந்தார்கள். எப்போதும் அப்படித்தான். கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று. மூட்டை இல்லாத நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. தூங்கினால் நட்டம் தூங்குகிறவனுக்கு. இது கூட விளங்காத கூட்டம் விளம்பரம் போடக் கிளம்பிவிட்டது.

யார் ஜெயித்தால் என்ன என்று அம்மாசி சும்மா இருந்திருப்பார். ஆனால் மகள் அபிநயாவை ரிஷிவந்தியத்தில் பெண் கேட்டிருந்தார்கள். பூ வைக்கக் கூட்டத்தோடு வரவேண்டிய மாப்பிள்ளையின் அம்மா தைலம்மாள், பேனர் விஷயம் காதுக்கு எட்டியதும் தனியாக வந்து இறங்கினாள். பெண்ணின் அப்பன் உழைக்காதவன் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அம்மாசியின் மனைவி குஞ்சம்மாள் வாசலில் நாற்காலி போட்டாள். தைலம்மாள் வெற்றிலையை மென்றபடி கேட்டாள்.

“தூங்கிக்கினே சம்பளம் வாங்குறீங்கன்னு ஊரே பேசுது. இன்னாண்ணே அது?”

“மூட்டைக்குத்தாம்மா கூலி. தூங்கினா எவன் குடுப்பான்?” என்றார் அம்மாசி.

“நீங்க அப்டி சொல்றீங்க. பேனரு வேற மாதிரி சொல்லுதே.”

அம்மாசியின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. சட்டையைக் கழற்றிக் காய்த்துப்போன தோளைக் காட்டலாமா என்று நினைத்தார். சம்பந்தம் பேச வந்தவள் முன்னால் அப்படி நிற்பதை நினைக்கவே அவமானமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாரை தப்பட்டையோடு காசிநாதன் தெருவுக்குள் நுழைந்தார். நேராக வந்து அம்மாசியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, உங்க வூட்டு ஓட்டு எனக்குத்தான். இந்தாங்க நோட்டீசு. இந்த மாதிரி சோம்பேறிப் பசங்கள ஊர வுட்டே தொரத்தணும்.”

அம்மாசி நோட்டீசைப் பார்த்தார். “இதுல இருக்கிறது நாந்தாங்க.”

“அப்டியா, ரொம்ப சந்தோஷம். சின்னத்த மறந்துடாதீங்க” என்று சிரித்தபடி காசிநாதன் அடுத்த வீட்டுக்குக் கும்பிடு போடப் போனார்.

தைலம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். “உங்கள அவருக்குத் தெரியாதா?”

“தெனம் இவரத் தாண்டித்தான் மில்லு ஆபீசுக்குள்ள போவாரு” என்றாள் குஞ்சம்மாள்.

தைலம்மாள் கை நீட்டி நோட்டீசை வாங்கினாள். படத்தையும் அம்மாசியையும் மாறி மாறிப் பார்த்தாள். “தெனம் பாக்குற ஆளு மூஞ்சியே தெரியல. இந்த ஆளு பேச்ச நம்பி நல்ல பொண்ண வுட இருந்தேன்.” குறுக்கே மடித்து, நகத்தால் நீவிக் கிழித்தாள். அம்மாசி இருந்த பாதியைக் குஞ்சம்மாளிடம் கொடுத்தாள். கும்பிட்ட பாதியில் வெற்றிலையைத் துப்பிச் சுருட்டி எறிந்தாள்.

“வெள்ளிக்கெழம பூ வெக்க வர்றோம்” என்றாள். “அண்ணனுக்கு அன்னிக்கு லாரி எதுவும் இல்லியே?”