அட்டையைக் கழற்றச் சொன்னவள்

எனக்கு வயது எழுபத்துநாலு. பெற்றது நாலு, செத்துப்போன தங்கையின் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஒருவரிடமும் போய், பணம் கட்ட நாள் கேட்டு நின்றதில்லை என்று சொல்லிக்கொண்டே இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டேன்.

சேலம் ரோடு எங்கள் சோளக்காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. நட்டஈடு வாங்கித்தான் கோழிப்பண்ணையே கட்டினேன். அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. டோல்கேட்டில் முன்னெல்லாம் கம்பி தூக்கும் பையன்கள், "ஆத்தா நிலமுங்க, போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இப்போது கம்பியும் இல்லை, பையன்களும் இல்லை. மேலே காமிரா மட்டும் இருக்கிறது.

எங்கள் முட்டையை ஏற்றுகிற வண்டி வாடகை வண்டி. ஓட்டுகிறவனுக்கே சொந்தம். வாரம் ஒருமுறை நானும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற, டோல் காசு தானாகக் கழிகிற அட்டையைப் பார்த்து ஒருநாள் சொன்னேன்.

"அதக் கழட்டி உள்ள போடு சாமி. எம்பட நிலத்து மேல போறதுக்குக் காசா?"

"காமிரா வண்டி நம்பரப் புடிச்சிருமுங்க, ஆத்தா."

"புடிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

கழற்றினான். நான் ஏறின நாளெல்லாம் கழற்றினான்.

போன மாதம் டோல் ஆபீசு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, "இதா வாரேனுங்க" என்று உள்ளே போனான். எனக்குத் தாகம். தண்ணீர் பிடிக்க நானும் இறங்கினேன். சன்னல் வழியே அவன் குரல் கேட்டது.

"கொஞ்சம் நாள் குடுங்க சார். அபராதம் கட்டாம வண்டி ஓட்டத் தகுதின்னு குடுக்கற எப்சி சர்ட்டிபிகேட்டு ஆவாதுங்கறாங்க. எப்சி இல்லாம வண்டி எடுக்க முடியாதுங்க."

"அட்டை வெச்சிருக்கியேய்யா, ஒட்டறதுக்கு என்ன நோவு?"

"மறந்துட்டனுங்க."

"இத்தன தடவையா மறப்ப? போ, எல்லாருக்குந்தான் நாள் நீட்டியிருக்காங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள கட்டு. அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காத."

சன்னலுக்கு இந்தப் பக்கம் சொம்போடு நின்றேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். சொல்லவில்லை. திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அவன் வந்ததும் சுருக்குப்பையை அவிழ்த்து நோட்டை நீட்டினேன்.

"வேண்டாமுங்க ஆத்தா. உங்க ரோடுதானுங்களே" என்றான்.

கேலியா, மரியாதையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ராசிபுரம் தாண்டும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் இன்னும் கட்டவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டியதில் கை காய்ந்துவிட்டதாம். நாளையோடு கெடு முடிகிறது. தெரியாத யாரோ அவனுக்குக் கொடுத்த நாள், எனக்கும் சேர்ந்துதான் கிடைத்திருக்கிறது. காலையில் நானே போகிறேன். பணத்தை வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் பேத்தியை உட்காரவைத்து இதை எழுதச் சொன்னேன்.

எழுதினதை ஒருக்கா படி, அம்மிணி. கழற்றச் சொன்னது நான் என்று வருகிற இடத்தைச் சத்தமாகப் படி.