லைன் கட் ஆவதற்குள்

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவரை நெல் அறுத்து மூட்டைகள் களத்தை விட்டுப் போன வெயில் காலத்தில். எங்களுக்கு உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். ஏரித் தண்ணீரில் நெல், மேட்டு நிலத்தில் வேர்க்கடலை. அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று மருமகள்கள், பிள்ளைகள், மாமியார் என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் மூத்த மருமகள்.

அந்த மே மாதம் முதல் தடவையாகக் குடும்பத்தோடு ஒரு வேன் பிடித்து ஏலகிரி மலைக்குப் போனோம். போய் இறங்கினால் எங்கேயும் ரூம் இல்லை. ஒரு விடுதியில் கவுண்டரில் இருந்தவர், நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்த அண்டாவையும் எங்கள் பைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் ஃபுல்லும்மா" என்றார். எங்களுக்குப் பின்னால் காரில் வந்தவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்தார். ஏரிக்கரையில் வேனை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் மலை இறங்கிவிட்டோம். "மலையைப் பாத்தாச்சு இல்ல, போதும் வாங்க" என்று மாமியார் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினார். யாருக்கும் போதவில்லை என்பது வேன் முழுக்கத் தெரிந்தது.

என் இளைய ஓரகத்தி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள்தான் இந்த யோசனையைக் கொண்டுவந்தாள். ஊர் ஊராக விடுதி வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றனவாம். அவர்களிடம் மெம்பராகிவிட்டால் வருஷா வருஷம் நம் கணக்கில் இத்தனை பாயிண்ட் என்று ஏறும். அந்தப் பாயிண்ட்டைக் கொடுத்து அவர்களுடைய விடுதி எதிலும் தங்கலாம். புதிதாகச் சேர்ந்தால் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஏற்கெனவே வாங்கி, உபயோகிக்க முடியாமல் வைத்திருப்பவர்கள் மீதி வருஷங்களை மலிவாக விற்பார்கள். ஓடிய டிராக்டரைக் கைமாற்றி வாங்குகிற மாதிரிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கடலை விற்றதும் சீட்டு எடுத்ததுமாக மருமகள்கள் நாங்கள் மூன்று பேரும் சேர்த்து வைத்திருந்த பணம் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவே இல்லை. "கண்ணால பாக்க முடியாத பொருளுக்கு இன்னாத்துக்குத் துட்டு குடுக்கணும்? ஏமாத்திட்டுப் பூடுவானுங்க" என்றார். நாங்கள் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும், "உங்க துட்டு, உங்க பாடு" என்று கழனிக்குப் போய்விட்டார். அதனால் இதில் ஏமாந்தால் பணம் மட்டும் போகாது. இனிமேல் அந்த வீட்டில் பெண்கள் ஒன்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பயம்தான் எனக்கு அதிகம்.

இளையவள் இன்டர்நெட்டில் தேடி ஒரு தரகரைப் பிடித்தாள். சென்னைக்காரர். போனில் தேன் ஒழுகும் குரல். "மேடம், ஓனர் ஃபாரின்ல இருக்காரு. அவசரமா குடுக்குறாரு. இன்னைக்கே அட்வான்ஸ் போட்டீங்கன்னா உங்களுக்கு. இல்லன்னா செங்கல்பட்டு பார்ட்டி ஒண்ணு ரெடியா இருக்கு" என்றார்.

செங்கல்பட்டு பார்ட்டி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அப்பா மாட்டுத் தரகராக இருந்தவர். சந்தையில் அவர் கையிலும் ஒரு வந்தவாசி பார்ட்டி எப்போதும் தயாராக இருக்கும். அப்படி ஒருவர் உலகத்திலேயே இருக்க மாட்டார். ஆனால் அப்பா துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசினாலும், படிந்ததும் துண்டை எடுத்துவிட்டு, விற்கிறவர் வாங்குகிறவர் இரண்டு பேர் காதிலும் விழும்படி விலையைச் சத்தமாகச் சொல்வார். தன் தரகையும் இரண்டு பேர் முன்னாலும்தான் கேட்டு வாங்குவார். இந்தத் தரகர் துண்டை எடுக்கவே மாட்டேன் என்றார். ஓனரோடு பேச வேண்டும் என்று நான் கேட்டால், அது ரூல் இல்லை என்றார்.

"அக்கா, போனா போவுது, அட்வான்ஸ் மட்டும் போட்டு வெச்சிடலாம். கை மாறிப் போச்சுன்னா அப்பறம் கெடைக்காது" என்று இளையவள் போனை எடுத்துப் பணம் அனுப்பவே தயாராகிவிட்டாள்.

"ஓனர் கொரலைக் கேக்காம ஒரு ரூபா போவாது" என்றேன்.

அவள் கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நடுவில் இருப்பவள் இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள். அந்த நாட்களில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நல்லதாக வந்த ஒன்றைக் கெடுக்கிறோமோ என்று.

சும்மா இருக்காமல் அந்த விடுதிக் கம்பெனியின் ஆபீசுக்கே போன் போட்டேன். எடுத்துப் பேசிய பெண், ஒரு மெம்பரின் கணக்கை வெளியாளுக்குச் சொல்லக்கூடாது என்றாள். ஆனால் பழைய மெம்பர்ஷிப் வாங்குகிறவர்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். இன்னும் எத்தனை வருஷம் மீதி, மே மாதக் கூட்டத்தில் ரூம் எடுக்க அனுமதி உண்டா, வருஷா வருஷம் கட்டும் மெயின்டனன்ஸ் பணம் பாக்கி இருக்கிறதா, எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள், பெயர் மாற்றம் எங்கள் ஆபீசில்தான் நடக்கும் என்றாள்.

அந்தச் செங்கல்பட்டு பார்ட்டி வாங்கிக்கொண்டு போகவில்லை போலிருக்கிறது. தரகரே மறுபடியும் கூப்பிட்டார். சரி, ஓனரைப் பேச வைக்கிறேன், ஆனால் மூன்று பேரும் ஒரே லைனில், நானும் இருப்பேன், விலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது என்றார். சரி என்றேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மோட்டார் கொட்டகை ஓரம் போய் ஸ்பீக்கரில் போட்டேன். நடுவில் இருப்பவளும் கூட வந்தாள். கோபமாக இருந்த இளையவளும் காதைக் கொடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

ஓனர் வயதானவர் என்று குரலிலேயே தெரிந்தது. "வணக்கம்மா, சொல்லுங்க" என்றார்.

"ஐயா, வருஷத்துக்கு ஒருக்கா கட்டுற மெயின்டனன்ஸ்ல பாக்கி எதுனா கீதுங்களா?"

தரகர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் கிளியர் மேடம்."

"இல்லியேப்பா, ரெண்டு வருஷமா நான் கட்டலன்னு உங்கிட்ட சொன்னேனே" என்றார் பெரியவர்.

எனக்கு அந்த மனிதர் மேல் அப்போதே மரியாதை வந்துவிட்டது. விற்கிறவர் தன் குறையைத் தானே சொல்கிறார். தைரியமாக அடுத்ததைக் கேட்டேன். "ஃபாரின்ல இப்போ இன்னா நேரம்ங்க ஐயா? தூங்குற நேரத்துல தொந்தரவு பண்ணிட்டமோ?"

"ஃபாரினா? நான் ஏனாத்தூர்ல இருக்கேம்மா!"

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம் ஏனாத்தூருக்கு. "சார், மேடம், லைன் சரியில்ல, நான் திரும்பக் கூப்புடுறேன்" என்று தரகர் பதற ஆரம்பித்தார். இனிமேல் சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது. அவர் என்னிடம் கேட்ட விலையைச் சத்தமாகச் சொன்னேன்.

பெரியவர், "அதுல பாதி கூடத் தேறாதுன்னு எங்கிட்ட சொன்னானேம்மா" என்றார்.

"ஐயா, என் நம்பரை எழுதிக்கோங்க" என்று கத்தி, என் போன் நம்பரை ஒரே மூச்சில் கடகடவென்று சொன்னேன். கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கவும் லைன் கட் ஆகவும் சரியாக இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டிருப்பாரா, எழுதியிருப்பாரா, எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது புது நம்பரிலிருந்து போன் வந்தது. "ஏம்மா, கடைசில சொன்னது ரெண்டா, மூணா? மூணு போட்டு யாரையோ எழுப்பிட்டேன்" என்றார் பெரியவர். இளையவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூருக்குக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்து வெளியே நிறுத்திவிட்டு, "ஏறு" என்றார்.

பெரியவர் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையரானதும் ஊர் ஊராகப் போகலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினார்களாம். ஊட்டிக்கு ஒரு தடவை போய் வந்ததோடு சரி. அவர் வீட்டு அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. "இது யாருக்கும் வேணாம் சார், நான்தான் கஷ்டப்பட்டு ஒரு ஆளைப் புடிச்சிக் குடுக்குறேன்னு சொன்னான்மா. சரி, வந்தவரைக்கும் லாபம்னு இருந்தோம்" என்றார் அந்த அம்மா. இரண்டு விலைக்கும் நடுவில் ஒரு விலை வைத்து, கட்டாத பாக்கியைக் கழித்துக்கொண்டு பேசி முடித்தோம். அவர்களுக்கும் கூடக் கிடைத்தது, எங்களுக்கும் குறைந்தது. காபி குடித்துக் கிளம்பும்போது அந்த அம்மா பீரோவைத் திறந்து இரண்டு கம்பளிச் சால்வைகளை எடுத்துக் கொடுத்தார். "இதுவும் எங்ககிட்ட சும்மாத்தான் கெடக்கு. உங்க மாமியாருக்கு மலைல குளிருமில்ல."

தரகரை இனி விட்டுவிடலாம் என்று பெரியவர் சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் அதே எண்ணம். "பொய் சொன்னவனுக்கு இன்னாத்துக்குக் குடுக்கணும்?" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பொய் சொன்னார்தான். ஆனால் அவர் இல்லையென்றால் ஏனாத்தூரில் இப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. நியாயமான தரகு எவ்வளவோ அதைக் கொடுப்போம் என்றேன். போன் போட்டதும் அவர் என் தொழிலையே கெடுத்துவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார். அவர் ஓயும்வரை இருந்து, "உன் தரகு உனக்கு உண்டுப்பா. ஆனா ரெண்டு பேருக்கும் முன்னாடி வந்து வாங்கிக்கோ" என்று சொல்லி வைத்தேன்.

பெயர் மாற்றும் அன்று சென்னை ஆபீசுக்கு அவர் வந்தார். குரலை வைத்து நான் யாரையோ நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வயசுதான் இருக்கும். வெயிலில் அலைந்த முகம், தோளில் நைந்த பை. உள்ளே வராமல் கதவு ஓரம் நின்றார். நான் கூப்பிட்டுப் பெரியவருக்கு எதிரிலேயே தொகையைச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தலை குனிந்தபடி, "ரெண்டு பார்ட்டியையும் பக்கத்துல வெச்சிக்கினு நான் கமிஷன் வாங்குனதே இல்ல மேடம்" என்றார்.

"மேடம் வேணாம், அக்கான்னே கூப்புடு" என்றேன்.

பிறகு ஒரு நாள் அவரே போன் செய்து, இன்னொரு வியாபாரத்தில் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் நேராகப் பேச வைத்ததாகவும், "நல்லபடியா முடிஞ்சிச்சுக்கா" என்றும் சொன்னார். உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. கேட்க நன்றாக இருந்தது.

பெயர் மாற்றிய அன்று ஆபீசில் இருந்த அதிகாரி, "மெம்பர்ஷிப் சார் பேர்லதானே?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க, இவங்க பேர்ல போடுங்க. பேசி முடிச்சது இவங்கதான்" என்றார் அவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியாள் முன்னால் அவர் என்னை 'இவங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கையெழுத்துப் போடும்போது என் பெயர் எனக்கே புதிதாகத் தெரிந்தது.

அடுத்த மே மாதம் கொடைக்கானலுக்குப் போனோம். மாமியார் அந்தச் சால்வையை இரண்டு நாளும் கழற்றவில்லை. பெரியவர் வீட்டுக்கு அங்கிருந்தே வீடியோ கால் போட்டு மலையைக் காட்டினோம்.

இப்போதும் யாராவது நடுவில் நின்று, இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினால், அந்தப் பக்கம் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். அப்படிக் கேட்க எனக்கு வாய் உண்டு என்பதை அந்த மோட்டார் கொட்டகை ஓரத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் முதுகு தானாகக் கொஞ்சம் நிமிர்கிறது.