கோகிலா ஒடித்த விலா எலும்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பை சாத்துக்குடியோடு சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். எருமப்பட்டிப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தோட்டம் தள்ளி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறது. மனுஷர் சேரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருமிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே அவர் மனைவி பாவாயி அக்கா. மருமகள் கோகிலாவை மட்டும் காணோம்.

சமையல்கட்டில் எட்டிப் பார்த்தால்... அழுதுகொண்டிருக்கிறாள். மாமனார் உயிரைக் காப்பாற்றிய பெண் எதற்கு அழ வேண்டும்?

"எலும்ப ஒடிச்சுப் போட்டேனுங்க அக்கா. அவரு இருமறப்பெல்லாம் எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்குதுங்க."

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

எங்கள் மகளிர் குழுவுக்கு ஸ்கூல் ஹாலில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. பத்திரிகையில் பத்தி எழுத ஏதாவது தேறும் என்று நானும் போனேன். சொல்லிக்கொடுக்க வந்தவள் சரண்யா. ஆம்புலன்ஸில் வேலை. சின்ன உருவம், பெரிய குரல். தரையில் ஒரு ரப்பர் பொம்மை, இடுப்புக்கு மேல் மட்டும்.

கரண்ட் அடித்தவர் என்றால் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒருவர் மயங்கிக் கிடந்தால் முதலில் தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்றாள். நம் ஊர்ப் பெண்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? "ஏனுங்க... கொஞ்சம் எந்திரிங்க..." பந்திக்கு அழைக்கிற மாதிரி! சரண்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அசைவில்லை, மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்க வேண்டும். நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல், வேகமாக, ஆழமாக அழுத்த வேண்டும். விலா எலும்பு ஒடிந்தாலும் நிறுத்தக் கூடாது. எலும்பு கூடிவிடும் என்றாள்.

கோகிலா முறை வந்தது. பொம்மைக்கு யாரோ பேனாவில் மீசை வரைந்து வைத்திருந்தார்கள். கோகிலா கூச்சப்பட அது போதாதா? கொய்யா பழுத்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி அழுத்தினாள். எல்லோரும் சிரித்தோம். சரண்யா சிரிக்கவில்லை. வேர்த்துக் கொட்டுகிறவரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள்.

இந்தப் பக்கத்து வீடுகளை அறியாதவர்களுக்கு ஒரு விஷயம். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் நிற்கவே மாட்டாள். சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அவரும் நேராகப் பேச மாட்டார். பகையெல்லாம் இல்லை — மரியாதை. கல்யாணமாகி வந்ததிலிருந்து கோகிலாவின் விரல்கூட சென்னியப்பன் மேல் பட்டதில்லை. மாமனார் நெஞ்சில் மருமகள் கை வைப்பது எப்படி என்று எந்த முதலுதவிப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா?

பயிற்சி முடிந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். காலையில் மோட்டார் ரூமில் ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டிருக்கிறார் சென்னியப்பன். கரண்ட் அவரைத் தூக்கி வெளியே வீசிவிட்டது. மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ இருக்கிறான். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும்.

ஓடிப்போன கோகிலா முதலில் தொட்டது மாமனாரை அல்ல, மெயின் சுவிட்சை. (சரண்யா, சந்தோஷமா?) கரண்ட்டை அணைத்துவிட்டு, தோளைத் தட்டிக் கத்தினாள். அசைவில்லை. மூச்சில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாள். மண்டியிட்டாள். அப்புறம்... கை இறங்கவில்லை.

"எல்லாமே ஞாபகம் இருக்குதுங்க அக்கா. கை மட்டும் அந்தரத்துல நிக்குது."

இப்படி நெஞ்சை அழுத்துகிற சி.பி.ஆர். என்றால் என்னவென்றே பாவாயி அக்காவுக்குத் தெரியாது. ஆனால் மருமகள் எதற்குத் தயங்குகிறாள் என்பது தெரிந்துவிட்டது. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் புருஷன் நெஞ்சின் மேல் தானே வைத்தார்.

"அமுக்கு சாமி. ஒண்ணும் நெனைக்காத."



பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார். ஒருவர், வலிப்பு வந்தவருக்குச் செய்வதுபோல, உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர், வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றார். எல்லாம் பாசம்தான். நம் ஊரில் பாசத்தால் போன உயிர்கள் கொஞ்ச நஞ்சமா? சோடாவைத் தட்டிவிட்டவர் பாவாயி அக்கா. கோகிலா தலை நிமிராமல் அழுத்திக்கொண்டிருந்தாள். மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அழுதுகொண்டே அழுத்தினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சுக்கு ஷாக் கொடுத்தார்கள். நாடி திரும்பியது. இந்தப் பெண் நடுவில் நிறுத்தியிருந்தால் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று பிறகு டாக்டரே சொன்னாராம்.

அதெல்லாம் கோகிலாவின் காதில் ஏறவில்லை. தொடக் கூடாதவரைத் தொட்டோம், எலும்பையும் ஒடித்தோம்... இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது? மாமனார் வீடு திரும்பியதிலிருந்து அவர் கண்ணில் படாமலேயே வளைய வருகிறாள்.

கிளம்பும்போது சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பொம்மை கிளாஸ் மறுபடி எப்போது என்று கேட்டார். பாவாயி அக்காவை அனுப்பப் போகிறீர்களா என்றேன். "நான் வாரேனுங்க" என்றார்.

உங்களுக்கு எதுக்குங்க என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தொடலாமா வேண்டாமான்னு நான் நின்னுட்டு இருக்கக் கூடாதில்லீங்க."

கோகிலா கதவோரம் வந்து நின்றிருந்தாள்.

முதலில் விலா எலும்பு கூடட்டும், அப்புறம் அழுத்திப் பழகலாம் என்றேன் — அதுவரைக்கும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறாராம்!