ரிலீவர் வராமல் எழுந்திருக்காத அப்பா

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். முதுகுப்புறம் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் இருக்கும். எழுதியவர் அப்பா. எண் கோணலாக இருந்தால் எழுதியது என் தம்பி.

அப்பா முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, நெய்வேலி மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளியாகச் சேர்ந்தார். பெர்மனென்ட் ஆகிவிடும் என்று பதினொரு வருடம் காத்திருந்தார், ஆகவில்லை. ஒருநாள் யாரோ ஒருவருடைய குவார்ட்டர்ஸில் நடந்த விருந்தில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வந்து, "இவ்ளோ பெரிய டவுன்ஷிப்புல உக்கார ஒரு சேர் இல்லியே" என்று அம்மாவிடம் சொன்னாராம். அடுத்த மாதமே இருபது மடக்கு நாற்காலிகளோடு வாடகைக் கடை தொடங்கினார். பிறகு பந்தல், பாத்திரம், மேடை என்று அது வளர்ந்து, பிள்ளைகள் மூவரும் அதற்குள்ளேயே வந்து சேர்ந்தோம்.

மைன்ஸ் அவரை விட்டாலும் அவர் மைன்ஸை விடவில்லை. அங்கே அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்கும்வரை இருப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. கடையிலும் அப்பா அதையே சட்டமாக்கினார். சாப்பிட வீட்டுக்கு வருவதற்குக்கூட ரிலீவர் கேட்பார். அம்மாதான் பாவம், முப்பது வருடம் அடுக்குச் சட்டியோடு நடந்தார்.

வயதாகி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், குடும்பத் தொழில் நடத்துவோருக்கான ஒருநாள் வகுப்புக்கு அண்ணன் அவரைக் கடலூருக்கு அழைத்துப் போனார். அண்ணனுக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது, மறைப்பானேன். "உங்களுக்கு அப்புறம் யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று வகுப்பெடுத்தவர் கேட்டிருக்கிறார். அப்பா மூன்று நாள் யோசித்துக் கடைச் சுவரில் ஓர் அட்டை ஒட்டினார். முதல் வாரம் அண்ணன் முதலாளி, அடுத்த வாரம் நான், மூன்றாம் வாரம் தம்பி. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சார்ஜ் மாறும். ஒப்படைப்பு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு வருஷம் ஓடட்டும். யாருன்னு அதுவே சொல்லும்" என்றார்.

அண்ணன் வாரத்தில் மேடைக்குச் சிவப்புத் துணி, என் வாரத்தில் நீலம், தம்பி வாரத்தில் எது துவைத்திருக்கிறதோ அது. தொழிலாளிகள் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கு வணக்கம் வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் மைதானத்தில் எங்கள் பந்தலில் ஒரு கல்யாணம். சனி மாலை வரவேற்பு, ஞாயிறு ஒன்பது மணிக்கு முகூர்த்தம். வரவேற்பு அண்ணன் வாரத்தில் வந்தது, முகூர்த்தம் என் வாரத்தில். அண்ணன் நோட்டில், "வரவேற்பு முடிந்தது, எல்லாம் சரி" என்று எழுதிவைத்துவிட்டுக் காலை ஐந்தரைக்கே போய்விட்டார். முகூர்த்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் விசாரிக்கவில்லை. முடிந்ததுதானே என்று நாற்காலிகளை அள்ளி, மாதா கோயிலில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு அனுப்பிவிட்டேன்.

"ஏம்மா, தாலி கட்ற வரைக்கும் எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்கணுமா?" என்று பெண்ணின் தகப்பனார் போட்ட சத்தம் போனில்லாமலே கடைக்குக் கேட்டிருக்கும்.

அப்பா வந்து அவரிடம் கை கூப்பினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, முதலில் அண்ணனைக் கேட்டார். "ரிலீவர் மொகத்த பாக்காம நீ எப்டி எழுந்து போன? நோட்டுல இருந்தா போதுமா? பாப்பா, நீ இன்னா கேட்டுக்கினு வாங்கின? போறவன் வாய தொறந்து சொல்லணும், வர்றவ வாய தொறந்து 'நான் வந்துட்டேன்'னு சொல்லணும். தலையாட்டினா செல்லாது."

அண்ணனும் நானும் அன்று சேர்ந்து தலையாட்டினோம்.

போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தபோது அந்த அட்டை ஒட்டி ஒரு வருடம் முடிந்திருக்கவில்லை. அங்கேயும் நாங்கள் ஷிப்ட் போட்டுத்தான் உட்கார்ந்தோம். கடைசி நாளுக்கு முந்தின மதியம் மூவரும் ஒன்றாக நின்றோம்.

"ரிலீவர் வந்தாச்சா?" என்றார்.

"மூணு பேரும் இருக்கோம்ப்பா" என்றான் தம்பி.

"ஒரு சீட்டுக்கு ஒரு ஆளுதான்."

நான் அண்ணனைப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்த நாற்காலிக்குக் காத்திருந்தவர் அவர். அண்ணன் என்னைக் காட்டி, "பாப்பா பாத்துக்கும்ப்பா. நோட்ட முழுசா படிக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். புதுநன்மை விழாவை அவர் மறந்தேபோனார் போலும்.

"அது சொல்லட்டும்" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அப்பா கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை போய்விட்டார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும், பெட்டியைச் சுமந்த பழைய காண்ட்ராக்ட் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்துக்கு முதலில் வந்து, "இன்னைக்காவது உக்காரலாம்ல?" என்று கேட்டு எங்களை அழுகைக்கு நடுவே சிரிக்கவைத்த அந்தக் கல்யாணப் பெண்ணின் தகப்பனாருக்குத் தனி நன்றி. என் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சுவரில் இருந்த அட்டையைக் கழற்றிவிட்டோம். ஒப்படைப்பு நோட்டில் அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ஆனால் நோட்டு போதாது என்று சொன்னவர் நீங்கள், அப்பா. அன்று சொல்லாததை எல்லார் முன்னாலும் வாய் திறந்து சொல்கிறேன்.

நான் வந்துட்டேன்ப்பா. நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க.