கயிறு போக எடை

எண்பதுகளின் நடுவில் ஆறு மாதம் நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய் வந்தேன். நர்ஸ் படிப்பை முடித்து நான்கு வருடம் வேலையும் பார்த்த என்னை மறுபடி மாணவியாக்கிய மேல்பயிற்சி அது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பிழைக்க வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதை நடத்திய தனியார் ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அந்த இடத்தில் செருப்புக்கடை இருக்கிறது. இரண்டு இன்குபேட்டர், ஒரு தராசு, ஒரு டாக்டரம்மா, நர்சுகள் நான்கு பேர். மொத்த ஏற்பாடும் அவ்வளவுதான்.

டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். பேசினால் எடையைப் பற்றித்தான் பேசுவார். தினமும் காலை எட்டு மணிக்கு, பால் கொடுப்பதற்கு முன்னால், ஒட்டுத்துணி இல்லாமல் எடை பார்க்க வேண்டும். ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் உள்ளே ஏதோ சரியில்லை. வேறு எந்த வழியிலும் இவ்வளவு சின்னக் குழந்தை நம்மிடம் எதையும் சொல்லாது என்பார். பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையைப் பிறந்த நாள் முதல் வீட்டுக்குப் போகும் நாள் வரை பார்த்து, நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். அந்தத் தலைக்கனமும் உண்டு.

என் பங்குக்கு வந்தது ஓர் ஆண் குழந்தை. தாய் பனமலைப் பக்கத்துக்காரி. நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலையில் இருக்கும்போதே, மாதம் ஆவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. குழந்தை பிறந்தபோது ஆயிரத்து நானூற்று இருபது கிராம். அவளுக்கு அதற்கு முன் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. இந்த ஒன்றையாவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். நான் அதை மூக்குக் குழாய் வழியாக இறக்குவேன்.

ஏழாம் நாள் காலையில் பார்த்தால் குழந்தையின் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. முந்தின சாயங்காலம் அவள் புருஷன் வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் கத்திரிக்கோலை எடுத்தேன்.

“இத அறுத்துட்டுத்தான் எடை பார்க்கணும்.”

“வேணாம் சிஸ்டர்,” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “செத்தாதான் அர்ணாக்கயிறு அறுப்பாங்க. ரெண்டு கொயந்தைக்கு அறுத்ததப் பாத்துட்டேன்.”

நான் சண்டைக்குப் போகவில்லை. இதுபோன்ற விஷயத்துக்கு வாக்குவாதம் செய்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் மூளையைக் காட்டினேன். அதே அளவு கயிறு வாங்கி, பஜாரில் ஒரு நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். மூன்று கிராம். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, தலைப்பில் ‘கயிறு போக’ என்று எழுதி, அதில் கழிக்கும் எடையாக மூன்று என்று குறித்தேன். எங்கள் தராசில் கோடுகளே ஐந்தைந்து கிராமுக்குத்தான் இருந்தன. அதில் நான் மூன்றைக் கழித்தேன்! டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு வானத்தில் நடப்பது போல இருந்தது. அன்றைக்கு எடை ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு. முதல் வாரம் இறங்குவது இயல்புதான். இனி ஏற வேண்டும்.

மறுநாள் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து தொங்கியது. ஊர்க் கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்தது. எடை ஏறியிருந்தது. அவளிடம் சொன்னேன்.

“பாத்தீங்களா சிஸ்டர், கட்டுன மறாநாளே ஏறிச்சு!”

நான் படித்தவள் அல்லவா, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கோட்டக்குப்பத்துக்குப் போய் ஒரு பெரியவரிடம் ஓதிய தகட்டை வாங்கி வந்தான். அதையும் கட்டினார்கள். எடை ஏறியது. பிறகு காத்து கருப்புக்கு ஓர் இரும்பு வளையம். அன்றைக்கு நன்றாகவே ஏறியது. எட்டு நாளில் கயிற்றில் ஐந்து உருப்படி சேர்ந்துவிட்டது. நான் தினமும் மூன்று கிராம் கழித்து வந்தேன்.

எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பார்கள். பார்க்கத்தான் செய்தேன், தினமும் என் கையாலேயே துடைத்து ஒதுக்கினேன். ஆனால் நான் வளர்ந்த தெருவில் தாயத்து இல்லாத குழந்தையை நான் கண்டதில்லை. என் தம்பி இடுப்பிலும் ஒரு கொத்து கிடந்தது. தொப்புளைப் போல அதுவும் உடம்பில் ஒன்று. குழந்தை மேல் ஏற்றிய பாரம் என்று என் கண்ணுக்கு அது படவே இல்லை. டாக்டரம்மா ஒரு நாள் அந்தக் கொத்தைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் கழிக்கிற இல்ல?” என்று கேட்டார். “கழிக்கிறேன் மேடம்” என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

எடை ஏறுகிறது என்பதால் பதின்மூன்றாம் நாள் குழாயை எடுத்துவிட்டோம். தாய்ப்பால் நேராகக் குடிக்கட்டும் என்றார் டாக்டரம்மா. குழந்தை நான்கு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும். எடைதான் ஏறுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வந்தது. தாய் மஞ்சள் துணி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. திங்கள்கிழமை வந்து நோட்டைத் திறந்தால், என் சனிக்கிழமை எடை ஆயிரத்து நானூற்றுப் பதினேழு. அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. என்னோடு திண்டிவனத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வரும் சிநேகிதி எழுதியது.

“உனக்கு எடை பாக்கத் தெரியாதா? ஒரே நாள்ல எப்டிடி இவ்ளோ இறங்கும்?” என்று அவள் மேல் பாய்ந்தேன்.

“வா, நீயே பாரு” என்றாள்.

குழந்தையைத் தராசில் கிடத்தி முள்ளைச் சரிசெய்தேன். ஆயிரத்து நானூற்றுப் பத்து. அவளை ஜெயித்த பார்வை பார்த்தேன். அவள் கயிற்றை அவிழ்க்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. இரண்டு விரலால் அந்தக் கொத்தை மட்டும் தட்டிலிருந்து மேலே தூக்கிப் பிடித்தாள். முள் கீழே போனது. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து.

ஒன்பது நாளில் அந்தக் குழந்தை ஒரு கிராம்கூட ஏறவில்லை. ஏறியதெல்லாம் செம்பும் இரும்பும்.

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. “டியூபப் போடு, ரெண்டு மணிக்கு ஒருக்கா குடு” என்று எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

தாயிடமும் நானே சொன்னேன்.

“அப்ப ஏறவே இல்லியா சிஸ்டர்?”

“இல்லம்மா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”

அவள் உட்கார்ந்து தாயத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கயிற்றை மட்டும் விட்டுவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு உடம்பு சில்லிட்டது. புதன்கிழமை பால் தங்கவில்லை. ஊசிகள் போட்டோம். குழாயில் இறக்கியதெல்லாம் திரும்பி வந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ குழந்தைகளைப் பார்த்துவிட்டேன். என்னாலும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதாக இருந்த வெள்ளிக்கிழமையே, காலை பத்து மணி வாக்கில் மூச்சு நின்றது. புருஷன் இன்னும் வந்து சேரவில்லை. அவள் அந்த மஞ்சள் துணியை விரித்து வைத்துக்கொண்டு, என் மேஜை மேல் இருந்த கத்திரிக்கோலைத் தானே எடுத்து நீட்டினாள்.

“அன்னிக்கு அறுக்கறேன்னீங்களே சிஸ்டர். இப்ப அறுங்க.”

அறுத்தேன். கடைசி எடையையும் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. குழந்தையைத் தராசில் கிடத்தினேன். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. நோட்டில் அதை எழுதி, ‘கயிறு போக’ என்று நானே போட்டு வைத்திருந்த கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன்.